பவுஸ்தீனா அழுத படம்

நம் வீடுகளில் மாட்டியிருக்கும் இறை இரக்க ஆண்டவர் படத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெள்ளை அங்கி, ஆசீர்வதிக்க உயர்ந்த வலக்கை, மார்பருகே அங்கியைத் தொடும் இடக்கை, அங்கிருந்து இறங்கும் இரண்டு கதிர்கள். பெரும்பாலான அச்சுகளில் ஒரு கதிர் சிவப்பு, இன்னொன்று பளிச்சென்ற நீலம். சில அச்சகத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், மார்பில் ஒரு இதயத்தையும் வரைந்து வைத்துவிடுகிறார்கள். அந்த இதயம் வேறு பக்தியைச் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில், பரே-லெ-மோனியால் மடத்தில் மார்கரீத் மரியா கண்ட திரு இருதயம் அது. இறை இரக்கப் படத்துக்கு மூலமான காட்சியைக் கண்டவர் போலந்துக் கன்னியாஸ்திரி பவுஸ்தீனா. அவர் எழுத்தில் இதயம் வெளியே தெரியும் காட்சியாக இந்தப் படம் சொல்லப்படவில்லை. நீலமும் அப்படித்தான். அவர் எழுதிய போலிஷ் சொல்லுக்கு ‘வெளிறிய’ என்று பொருள். தண்ணீரின் நிறம். நீலம் என்பது அச்சுக்கூடத்தில் ஏறிய சாயம்.

இதெல்லாம் சின்ன விஷயம், பக்திக்கு இது முக்கியமா என்று கேட்கலாம். நெருடுவது நிறம் இல்லை. ‘புனித பவுஸ்தீனா கண்ட காட்சி இதுதான்’ என்று ஒரு வரி போட்டுப் படத்தைப் பகிர்கிறோமே, அந்த வரிதான். அவர் கண்டது இது இல்லை. அவர் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்லி வரையவைத்த படம்கூட, நம்மில் பலர் வீட்டில் இருப்பது இல்லை. வரையவைத்த அந்தப் படத்தைப் பார்த்தபோதோ, அவர் அழுதுவிட்டார். ஒரு கன்னியாஸ்திரி கண்டதற்கும் நம் சுவரில் தொங்குவதற்கும் நடுவே எத்தனை கைகள் என்று எண்ணத் தொடங்கினால், இந்தப் புனிதையின் கதையே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறது.

சமையற்கட்டில் ஒரு பானை

பவுஸ்தீனாவின் இயற்பெயர் ஹெலேனா கோவால்ஸ்கா. 1905 ஆகஸ்ட் 25 அன்று போலந்தின் குவோகோவியெட்ஸ் என்ற குக்கிராமத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா தச்சர், கொஞ்சம் நிலமும் உண்டு. பள்ளிக்குப் போனது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. பதின்பருவத்திலேயே வீட்டு வேலைக்குப் போய்விட்டார். 1924இல் வூட்ச் நகரத்தில், சகோதரியோடு ஒரு நடனத்துக்குப் போன இடத்தில், காயங்களோடு இயேசு பக்கத்தில் நின்று, இன்னும் எத்தனை நாள் என்னைக் காக்கவைப்பாய் என்று கேட்டதாகப் பின்னாளில் எழுதுகிறார். அன்றே பேராலயத்துக்குப் போய் வேண்டிக்கொண்டு, உடுத்திய துணியோடு வார்சாவுக்கு ரயில் ஏறினார். அங்கே மடம் மடமாகத் தட்டினார். கையில் சீர்ப்பணம் இல்லாத வேலைக்காரப் பெண்ணை யாரும் எடுக்கவில்லை. இரக்கத்தின் அன்னை சபையார் மட்டும், தேவையான துணிமணிக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வா என்றார்கள். ஓராண்டு வீட்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 1925 ஆகஸ்ட் 1 அன்று உள்ளே நுழைந்தார்.

அந்தச் சபையில் சகோதரிகள் இரண்டு பிரிவு. படித்தவர்கள், மடத்துக்கு வந்த பெண்பிள்ளைகளை வளர்த்துப் பயிற்றுவிப்பார்கள். மற்றவர்கள் சமையல், தோட்டம், வாசல். பவுஸ்தீனா இரண்டாவது பிரிவு. நவதுறவியாக இருந்தபோது அவருக்கு மிகப் பயமாக இருந்தது பேயும் இல்லை, தவமும் இல்லை. உருளைக்கிழங்கு வேகவைத்த பெரிய பானையைச் சாய்த்துத் தண்ணீர் வடிப்பதுதான். மடம் முழுவதற்குமான பானை, உடம்பில் வலு இல்லை. சாய்க்கும்போது சில நேரம் பாதிக் கிழங்கு தண்ணீரோடு கொட்டிவிடும். அதனால் வடிக்கும் நேரம் வந்தால் நைசாக நழுவிவிடுவார். சகோதரிகள் அதைக் கவனித்துவிட்டார்கள். நண்பகல் ஆன்ம சோதனையின்போது ஆண்டவரிடம் முறையிட்டார். இன்றிலிருந்து எளிதாகச் செய்வாய் என்று பதில் வந்தது. அன்று மாலை முதல் ஆளாக ஓடிப்போய்ப் பானையைத் தூக்கி வடித்தார். ஆவி போகட்டும் என்று மூடியைத் திறந்தால், உள்ளே கிழங்குக்குப் பதில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு ரோஜாக்கள்.

இந்த மனிதருடைய காட்சிகள் எந்த மண்ணில் முளைத்தவை என்பதை இந்தப் பானை காட்டிவிடுகிறது. மேகத்தின்மேல் நடப்பவை அல்ல அவை. வேலை நேரத்தில், களைப்பின் நடுவில், சரியாக எந்த இடத்தில் வலிக்கிறதோ அந்த இடத்தில் வருபவை. படமும் அப்படித்தான் வந்தது.

வரையத் தெரியாதவருக்கு வந்த ஆணை

1931 பிப்ரவரி 22, ப்வோட்ஸ்க் நகர மடம். மாலையில் தம் அறையில் இருந்தபோது பவுஸ்தீனா வெள்ளை அங்கியில் இயேசுவைக் கண்டார். கண்டதை அப்படியே வரை, அடியில் ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்று எழுது, உயிர்ப்புக்குப் பின்வரும் முதல் ஞாயிறு இரக்கத்தின் திருநாளாகட்டும் என்பது ஆணை. தூரிகை பிடிக்கத் தெரியாதவருக்கு. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். குரு, படத்தை உன் ஆன்மாவில் வரை என்று ஆன்மிகமாக முடித்துவைத்தார். நல்ல பதில்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியே வந்ததும் மறுபடி குரல்: என் உருவம் உன் ஆன்மாவில் ஏற்கெனவே இருக்கிறது, நான் கேட்பது துணியில் தீட்டிய படம். அதன்பின் மூன்று ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. மடத்துக்குள் அவர் காட்சி காண்கிறாராம் என்று கிசுகிசுப்பு மட்டும் வளர்ந்தது.

1933இல் நிரந்தர வார்த்தைப்பாடு கொடுத்து, மே மாதக் கடைசியில், அன்று போலந்தைச் சேர்ந்திருந்த வில்னியுஸ் நகர மடத்துக்குத் தோட்டக்காரியாக வந்தார். அங்கே வாராவாரம் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தவர் மிக்கேல் சொபோச்கோ, பல்கலைக்கழகத்தில் மேய்ப்புப்பணி இறையியல் சொல்லிக்கொடுத்த குரு. இந்தக் கதையில் நான் பார்க்கும் திருப்பம் காட்சியில் இல்லை, இந்த மனிதர் அடுத்து என்ன செய்தார் என்பதில் இருக்கிறது.

அவர் நம்பவும் இல்லை, விரட்டவும் இல்லை. முதலில் மடத் தலைவியிடம் இந்தப் பெண் எப்படி என்று விசாரித்தார். பிறகு மனநல மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பினார். மனதில் கோளாறு இல்லை என்று பதில் வந்தது. அதற்கடுத்து ஒரு நடைமுறைச் சிக்கல். பவுஸ்தீனா பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினால் நேரம் இழுக்கும், வெளியே மற்றச் சகோதரிகள் வரிசையில் முணுமுணுப்பார்கள். அதனால், நோட்டில் எழுதி அவ்வப்போது என்னிடம் கொடு என்றார். உலகெங்கும் வாசிக்கப்படும் அந்த நாட்குறிப்பு பிறந்த காரணம் இந்த வரிசைதான். மூன்றாவதாகப் படம். தம்முடைய கட்டடத்திலேயே குடியிருந்த ஓவியர் எவ்கேனியுஷ் கசிமிரோவ்ஸ்கியிடம் பேசினார். காட்சியின் உண்மையில் நம்பிக்கை வைத்து அல்ல, அது எப்படித்தான் இருக்கும் பார்ப்போம் என்ற ஆவலில்தான் வரையச் சொன்னேன் என்று சொபோச்கோவே பிற்பாடு ஒப்புக்கொள்கிறார். ஒரு ஆன்ம குரு இவ்வளவு நேர்மையாகச் சொல்வது அபூர்வம்.

1934 ஜனவரியில் தொடங்கிச் சுமார் ஆறு மாதம் வேலை நடந்தது. பவுஸ்தீனா மடத் தலைவியோடு வாரந்தோறும் ஓவியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் திருத்தம் சொல்வார். கை எவ்வளவு உயரம், அங்கி எங்கே விலகுகிறது, கதிர் எங்கே தொடங்குகிறது. மாதிரிக்கு ஆள் வேண்டுமே. ஆல்பு என்ற, குருக்கள் பூசையில் அணியும் நீண்ட வெள்ளை அங்கியை அணிந்து ஓவியர் முன் நின்றவர் சொபோச்கோதான். (இந்தப் படத்தின் முகத்தை இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், இத்தாலியின் தூரின் சவத்துணியோடு பொருத்திப் பார்த்துக் காணொளி போடுகிறவர்கள் இந்த ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.) பார்வை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, சிலுவையிலிருந்து பார்த்த பார்வை என்று பதில் வந்ததாக நாட்குறிப்பு சொல்கிறது. அதனால்தான் வில்னியுஸ் படத்தில் கண்கள் கீழ்நோக்கி இருக்கின்றன. மேலிருந்து ஒருவர் பார்க்கிறார், நாம் கீழே நிற்கிறோம்.

படம் முடிந்தது. பவுஸ்தீனா மடத்துக்குத் திரும்பி, கோவிலில் உட்கார்ந்து அழுதார். உம்முடைய அழகு அளவுக்கு உம்மை யாரால் வரைய முடியும் என்று கேட்டார். அதற்கு வந்த பதில், படத்தின் பெருமை நிறத்திலும் தூரிகையிலும் இல்லை, என் அருளில் இருக்கிறது என்பது. இதை எல்லா மறையுரையிலும் ஆறுதல் வாக்காகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஆறு மாதம் வாரம் தவறாமல் திருத்தியும் கண்டதற்கும் வரைந்ததற்கும் இடையே இருந்த தூரம் குறையவில்லை. அந்தப் பதிலும் தூரம் இல்லை என்று சொல்லவில்லை. தூரம் இருக்கட்டும், வேலை நடக்கும் என்கிறது. படத்தை நிழற்படம் போல நடத்துகிற நம்மைவிட, அதை வரையவைத்தவருக்கு அதன் எல்லை நன்றாகத் தெரிந்திருந்தது.

பேராயரின் அனுமதி இல்லாததால் படம் முதலில் புனித மிக்கேல் கோவிலை ஒட்டிய மடத்தின் இருட்டு நடைபாதையில் கிடந்தது. 1935 ஏப்ரல் 26 முதல் 28 வரை வில்னியுஸின் ஆஸ்த்ரா பிராமா என்ற பழைய நகர வாசலின் மாடத்தில் மூன்று நாள் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 28ஆம் தேதி உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு.

எரித்த நோட்டு

நாட்குறிப்பை அணுகும்போது பலர் தவறுவது ஒரு இடத்தில். அதைத் தேதிவாரியான டைரி என்று நினைத்துவிடுகிறார்கள். 1934இல் சொபோச்கோ திருநாட்டுக்குத் திருப்பயணம் போயிருந்தபோது, பவுஸ்தீனா எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார். வானதூதர் போல ஒருவர் வந்து எரிக்கச் சொன்னாராம். திரும்பி வந்த குரு திட்டவில்லை, பாவப்பரிகாரமாக அத்தனையையும் மறுபடி எழுது என்றார். ஆக, பழையதை நினைவிலிருந்து எழுதிக்கொண்டே அன்றாடம் நடப்பதையும் எழுதினார். அதனால்தான் முதல் நோட்டில் காலம் முன்னும் பின்னுமாகக் குதிக்கிறது. 1931இன் ப்வோட்ஸ்க் காட்சியை நாம் வாசிக்கும் சொற்கள், குறைந்தது மூன்று ஆண்டு கழித்து எழுதியவை.

மொத்தம் ஆறு நோட்டுகள். பள்ளிப் படிப்பு குறைவு, எனவே காதில் விழுந்தபடி எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி அபூர்வம், மேற்கோள்குறி கிடையாது. ‘நான்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், பேசுவது சகோதரியா ஆண்டவரா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, இயேசு சொன்னவற்றின் அடியில் அவர் போட்ட பென்சில் கோடு. குரு சொல்லிப் போட்ட கோடு அது. ஒரு கோடு ஒரு வரி தள்ளிப்போனால் போதும், துறவியின் புலம்பல் தெய்வ வாக்காகிவிடும்.

இங்கேயே இறை இரக்கச் செபமாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கும் பிற்சேர்க்கைகள் ஏராளம். 1935 செப்டம்பர் 13 மாலை, வில்னியுஸில் செபத்தின் சொற்கள் வந்தன. மறுநாள் காலை, சொல்லும் முறை. சாதாரண 53 மணிச் செபமாலைதான். தொடக்கத்தில் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு மங்கள வார்த்தை, ஒரு விசுவாசப் பிரமாணம். பெரிய மணியில் நித்திய பிதாவுக்கு இயேசுவின் உடலையும் இரத்தத்தையும் ஆன்மாவையும் தெய்வீகத்தையும் ஒப்புக்கொடுக்கும் செபம். சின்ன மணி பத்திலும் அவருடைய பாடுகளை முன்னிட்டு இரக்கம் கேட்கும் ஒரே வரி. ஐந்து பத்து முடிந்ததும் ‘தூய இறைவா’ மூன்று முறை. அவ்வளவுதான். பத்துக்குப் பத்து மறைபொருள் அறிவிப்பதும் திரித்துவப் புகழ் சேர்ப்பதும் மற்றச் செபமாலையின் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டது. முழுதும் சொல்ல ஏழெட்டு நிமிடம் போதும்.

இறை இரக்கத் திருநாளுக்கு ஆயத்தமாக ஒன்பது நாள் சொல்லும் நவநாளில் வரும் கணக்குப் பிழை இன்னொன்று. தொடங்க வேண்டியது பெரிய வெள்ளியன்று. அன்று முதல் நாள், உயிர்ப்பு ஞாயிறு மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள் அடுத்த சனி. புனித சனியில் தொடங்கினால் ஒன்பதாம் நாள் திருநாளிலேயே விழும். ஆயத்தம் என்ற பொருளே போய்விடும். இயேசு இறந்த நேரமான பிற்பகல் மூன்று மணி என்பதும் அப்படி. மூன்று மணிக்கு இந்தச் செபமாலையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பவுஸ்தீனாவிடம் கேட்கப்படவில்லை. வேலை இடம் கொடுத்தால் சிலுவைப் பாதை, முடியாவிட்டால் சிற்றாலயத்துக்குப் போய் ஒரு கணம், அதுவும் முடியாவிட்டால் நிற்கிற இடத்திலேயே ஒரு கணம். பானை தூக்கியவருக்குச் சொன்ன அறிவுரை என்பது வாசிக்கும்போதே தெரிகிறது.

பத்தொன்பது ஆண்டு

1936இல் கிராக்குவ் அருகே வகியெவ்னிக்கி மடத்துக்கு மாற்றப்பட்டார். தோட்டம், பிறகு வாசல் காவல். காசநோய் முற்றி 1938 அக்டோபர் 5 இரவு இறந்தார். வயது 33. அடுத்த ஆண்டு போர். படமும் செபமும் கைமாறிக் கைமாறிப் பரவின. 1941இல் ஒரு போலிஷ் குரு சைபீரியா, ஜப்பான் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது சொபோச்கோ கொடுத்த குறிப்புகளும் கூடவே போயின. இந்தப் பக்தி உலகம் சுற்றத் தொடங்கியது அங்கிருந்துதான்.

வில்னியுஸ் படம் சோவியத் எல்லைக்குள் மாட்டிக்கொண்டது. கிராக்குவில் அடோல்ஃப் ஹிவா என்ற ஓவியர், போரில் தம் குடும்பம் பிழைத்ததற்கு நேர்ச்சையாக ஒரு படம் தர வந்தார். பவுஸ்தீனாவை அவர் பார்த்ததே இல்லை. எழுத்து விவரிப்பும் கசிமிரோவ்ஸ்கி படத்தின் பிரதியும்தான் கையில். 1943இல் தந்த முதல் படம் பக்கப் பீடத்துக்குப் பொருந்தாத அளவு, எனவே இரண்டாவது ஒன்று வரைந்தார். அது 1944 ஏப்ரல் 16 அன்று மந்திரிக்கப்பட்டது. ஹிவாவின் இயேசு நம்மை நேராகப் பார்க்கிறார், நடந்து வருகிறார், பின்னால் முதலில் புல்வெளியும் செடிகளும் இருந்தன. இது வழிபாட்டுப் படத்துக்குப் பொருந்தாது என்று சொபோச்கோ சொல்ல, பின்னாளில் ஓவியரே அதன்மேல் கருமை பூசித் தரையை வரைந்தார். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது இந்த ஹிவா படம், அல்லது அதைப் பார்த்து வரைந்த ஒன்று.

இதற்கிடையே நோட்டுகளைப் படியெடுத்தார் ஒரு சகோதரி. பக்தியோடுதான் செய்தார், ஆனால் கவனமாக அல்ல. சொற்கள் விடுபட்டன, சில சேர்ந்தன. நிறுத்தக்குறியே இல்லாத, பென்சில் கோட்டை நம்பி நிற்கிற கையெழுத்துப் படியில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிழைப் படியிலிருந்து செய்த இத்தாலிய மொழிபெயர்ப்பு ரோமுக்குப் போனது. 1959 மார்ச் 6 தேதியிட்டு கோட்பாட்டைக் கண்காணிக்கும் ரோமின் புனித அலுவலகம் அறிவித்தது: சகோதரி பவுஸ்தீனா முன்வைத்த வடிவில் இரக்க பக்தியைக் காட்டும் படங்களையும் எழுத்துகளையும் பரப்பக் கூடாது, ஏற்கெனவே வைத்திருக்கும் படங்களை அகற்றுவது ஆயர்களின் விவேகத்துக்கு விடப்படுகிறது.

இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். ‘விவேகம்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் படம் பிழைத்தது. கிராக்குவ் மறைமாவட்டத்தை நிர்வகித்த பேராயர் பாசியாக், வகியெவ்னிக்கியில் இருப்பது இருக்கட்டும், மக்கள் வந்து வேண்டினால் தடுக்க வேண்டாம் என்று சகோதரிகளிடம் சொல்லிவிட்டார். தடையும் மீறப்படவில்லை, பீடமும் காலியாகவில்லை.

பாசியாக்குக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர், போர்க்காலத்தில் அந்த மடத்தின் பக்கமாக சோடா ஆலை வேலைக்குப் போய்வந்த கரோல் வொய்தீவா. தடையை எதிர்த்து அவர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1965 அக்டோபரில் பவுஸ்தீனாவின் வாழ்க்கை குறித்த விசாரணையை மறைமாவட்ட அளவில் திறந்தார். சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள், மூல நோட்டுகள் கையில் இருந்தன. எழுத்தை ஆராய இக்னாசி ருசிட்ஸ்கி என்ற கறாரான கோட்பாட்டு இறையியலாளரிடம் கேட்டார். இது வெறும் மனமயக்கம் என்பது ருசிட்ஸ்கியின் எண்ணம். மறுக்கவே இருந்தார். மறுப்பதற்கு முன் பொழுதுபோகச் சில பக்கம் புரட்டினார், புரட்டியவர் முழுதும் வாசித்தார். பிறகு பல ஆண்டு அதிலேயே உட்கார்ந்தார். மூலத்தை வரிவரியாகப் பார்த்து, எது யார் பேச்சு என்று பிரித்தார். 1978 ஏப்ரல் 15 அன்று ரோம், 1959இல் தெரியாதிருந்த மூல ஆவணங்களைக் காரணம் காட்டித் தடையை விலக்கியது. ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 16 அன்று வொய்தீவா, இரண்டாம் ஜான் பால் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இரண்டாம் ஜான் பால் வந்து தடையை எடுத்தார் என்று இன்றும் எழுதுகிறார்கள். 1993இல் அருளாளர் பட்டம், 2000 ஏப்ரல் 30இல் புனிதர் பட்டம், அன்றே உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு உலகத் திருச்சபை முழுதுக்கும் இறை இரக்க ஞாயிறு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

ரோம் செய்ததை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையில் இருந்தது அந்தப் படிதான். அதை வைத்துக்கொண்டு சரி என்று முத்திரை குத்தியிருந்தால்தான் பயப்பட வேண்டும். வலி வேறொருவருக்கு. ஆல்பு மாட்டிக்கொண்டு ஓவியர் முன் நின்றவர், நோட்டில் எழுதச் சொன்னவர், இருட்டு நடைபாதையிலிருந்து படத்தை வெளியே கொண்டுவந்தவர், தடைக் காலத்தில் ரோமின் கண்டனத்தையும் வாங்கிக்கொண்டவர் சொபோச்கோ. வில்னியுஸ் படம் பெலருஸ் கிராமக் கோவில் ஒன்றில் மாட்டியிருந்தது. அவர் எல்லைக்கு இந்தப் பக்கம் பியாவிஸ்டோக்கில் குருமாணவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். 1975 பிப்ரவரி 15 அன்று இறந்தார். புனித பவுஸ்தீனுசின் திருநாள் அது, பவுஸ்தீனாவின் பெயர்நாள். தடை அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.